என் கைகளுக்கு நான் பயந்த நாட்கள்

மலாக்கா போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே என் வலது கை என்னை மாட்டிவிட்டது.

புக்கிட் ரம்பாயில் நொறுக்குத்தீனி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி அவர்களுக்கு இரண்டு பேக்கிங் மிஷின் விற்றிருந்தது. மிஷினைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஆட்களைப் பழக்கிவிட்டு வர எனக்கு ஏழு வாரம் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயதில் முதல் வெளிநாடு. கிளம்பும்போது எனக்கிருந்த ஒரே பயம் மிஷின் ஒழுங்காக ஓடுமா என்பதுதான்.

வாசலில் என்னை வரவேற்க உற்பத்தி மேலாளர் நின்றிருந்தார். புவான் ரொஹானா என்றார்கள். புவான் என்பது நாம் திருமதி என்கிற மாதிரி. மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும், தலையில் இளநீலத் துணி. நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். அவர் கை வரவில்லை. தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை சாய்த்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அதை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. முதல் நாளே ஒரு பெண்ணை, அதுவும் மேலாளரை, அவமதித்துவிட்டேனோ? இந்நேரம் கோயம்புத்தூருக்கு ஈமெயில் போயிருக்குமோ? ஒரு போல்ட்டை மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

தொழிற்சாலை எனக்கு ஏற்பாடு செய்திருந்த அறை, புக்கிட் காத்திலில் லெட்சுமணன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தது. அதே தொழிற்சாலையில் லாரி ஓட்டுபவர், ஐம்பத்தைந்து வயது. போக வர அவர் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொள்வார். மாலையில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

“மலாய்க்கார பொம்பளைங்ககிட்ட நாம மொதல்ல கை நீட்டக்கூடாதுலா தம்பி. அவங்களா நீட்டினா குடுங்க. இல்லாட்டி நெஞ்சுல கை வச்சு ஒரு சிரிப்பு. முடிஞ்சிருச்சு.”

“கோவிச்சிருப்பாங்களாங்ண்ணா?”

“அதெல்லாம் ஒன்னும் இல்ல. அவங்க எத்தன பேர பாத்திருப்பாங்க. அப்பறம், ஆள்காட்டி விரல நீட்டி எதையும் காட்டாதீங்க. கட்ட விரலால காட்டுங்க. கொடுக்கல் வாங்கல் எல்லாம் வலது கை. எடது கைய மறந்துடுங்க.”

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவர் பட்டியல் நீள நீள நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். இதில் எத்தனையை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்?

வீட்டில் அவர் மனைவி வசந்தா அக்காள் தினமும் காலையில் கேட்பார்: “பசியாறிட்டீங்களா தம்பி?” நம் ஊரிலும் ‘சாப்டாச்சுங்களா’ என்று கேட்பார்கள்தான். ‘இன்னும் இல்லீங்க’ என்று பதில் சொன்னால் யாரும் உடனே இலை போடமாட்டார்கள். இங்கே போட்டார்கள். பக்கத்து வீட்டம்மாள் கேட்டின் மேலாக அதையே கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய்த் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி சம்பலும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதை வலது கையால் வாங்கினேனா இடது கையால் வாங்கினேனா என்று அன்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஆட்களுக்குப் பயிற்சி. வெய் லூன் என்ற சீன இளைஞன் முதல் மிஷினுக்கு. மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. நம் பட்டறையில் என்ன செய்வோம்? தோளில் கை போட்டு, காதருகே போய்ச் சொல்வோம். அப்படித்தான் செய்தேன். அவன் ஓரடி பின்னால் போனான். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நானும் ஓரடி முன்னால் போனேன். அப்படியே அவன் பின்வாங்க, நான் முன்னேற, கடைசியில் அவன் முதுகு சுவரில் முட்டியது. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் புவான் ரொஹானா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“உங்கள் வேலை நன்றாக இருக்கிறது. ஒரு சின்ன விஷயம். சொல்லித் தரும்போது ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள். தோளில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கு உங்களிடம் நேரில் சொல்லக் கூச்சம்.”

அவர் குரலில் கடுமை இல்லை. ஆனால் ‘அவர்களுக்கு’ என்றார். ஒருவனுக்கு இல்லை, பலருக்கு. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து சும்மா நிற்கும் நேரமெல்லாம் கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று செல்போனில் வாடகைக் கார் கூப்பிட்டேன். நல்ல மழை. கார் வந்து நின்றதும், நம் ஊரில் டாக்ஸியில் ஏறுவது போல முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டியவர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். வீலென்று ஒரு சத்தம் போட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்டார். “பின்னால்! பின்னால்!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கி, நனைந்து, பின்சீட்டில் ஏறினேன். வழி நெடுக அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் புரிந்தது இந்தியா என்ற ஒரு சொல் மட்டும். கண்ணாடியில் அவர் கண்கள் அடிக்கடி என்னைப் பார்த்தன. இறங்கப் போகும்போது அந்தத் தெருவின் பெயரைப் போனில் சொன்னார், அப்போதுதான் விஷயம் விளங்கியது. தான் எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

பயந்துகொண்டிருப்பது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னைப் பார்த்தும் ஒருவர் பயப்படுவார் என்பது எனக்குப் புதிது. ஊர் சுற்றாமல் அடுத்த காரில் திரும்பிவிட்டேன், பின்சீட்டில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை லெட்சுமணன் அண்ணன் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். ஜாசின் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை. அவர் பிறந்த எஸ்டேட். குடும்பங்கள் எல்லாம் புக்கிட் ரம்பாய், பத்து பெரண்டாம் என்று வீடு வாங்கிப் போய்விட்டன. மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் காரில் வந்து சேர்கிறார்கள்.

உறுமி மேளம் தூரத்திலேயே கேட்டது. இறங்கியதும் பெண்கள் கை கூப்பினார்கள், ஆண்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சோறு, சாம்பார், பாயசம். மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. எல்லாம் நம் ஆட்கள். இங்கே எதற்கும் பட்டியல் வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கை கழுவக் குழாயைத் தேடினேன். கார்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். நடந்துபோனபோது பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும், ஒரு வெள்ளைக் காருக்குப் பின்னால் குனிந்து ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காரின் பின்விளக்கு எரிந்தது. கார் பின்னால் நகர ஆரம்பித்தது.

நான் ஓடினேன். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓரமாக விழாத குறையாக நின்றேன். கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. குழந்தை முழங்காலில் மண், சின்ன சிராய்ப்பு. அலற ஆரம்பித்தது. இடுப்பில் வைத்து முதுகைத் தட்டினேன். “அளுவாத சாமி, ஒன்னுமில்ல கண்ணு” என்று சொல்லிக்கொண்டே, காலைக் கழுவிவிட்டு அம்மாவைத் தேடலாம் என்று குழாயை நோக்கி நடந்தேன்.

அதாவது கோயிலுக்கு எதிர்த் திசையில். கார்களுக்கு நடுவில். அழுகிற குழந்தையோடு. யாருக்கும் தெரியாத ஒரு ஆள்.

“என் பிள்ள! என் பிள்ளய தூக்கிட்டுப் போறான்!”

அந்தக் குரலை நான் இப்போதும் கேட்கிறேன். திரும்புவதற்குள் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்ட பையன்கள் எட்டுப் பத்துப் பேர் சுற்றிவிட்டார்கள். ஒருவன் குழந்தையைப் பிடுங்கினான். இன்னொருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான்.

“யார்லா நீ? எங்க தூக்கிட்டுப் போற?”

“கார் வந்துச்சுங்க... கொளந்த பின்னால...”

“எந்தக் காடி? எங்க இருக்கு காடி?”

கட்டை விரலா, ஆள்காட்டி விரலா, எதையும் நினைக்காமல் காட்டினேன். வெள்ளைக் கார் அசையாமல் நின்றது, மற்றக் கார்களைப் போலவே. அதற்குள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

“ஊர்க்காரன்டா இவன். பேச்ச கேளு.” ஊர்க்காரன் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவன். என் இடது காதில் ஒரு அறை விழுந்தது. யார் அடித்தார்கள் என்று பார்க்க முடியவில்லை. என் முகத்துக்கு நேராக நாலைந்து செல்போன்கள் இருந்தன. இங்கே என்னை அடித்தே போட்டாலும் கவிதாவுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன். கவிதா என் மனைவி.

சமையல் கொட்டகையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார் லெட்சுமணன் அண்ணன். “டேய் விடுங்கடா! என் வீட்ல இருக்கிறவரு! கம்பெனி வேலையா வந்திருக்காரு!”

காலர் விட்டது. ஆனால் யாரும் விலகவில்லை. குழந்தையின் அம்மா அதைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்துக்கொண்டே என்னை முறைத்தாள். கோயில் தலைவர் வந்து, சாமி நேரத்தில் வம்பு வேண்டாம், கூட்டிப் போய்விடுங்கள் என்றார். நான் போனேன். யாரும் என்னை நம்பி அனுப்பவில்லை.

திங்கட்கிழமை காலை வசந்தா அக்காள் பசியாறச் சொல்லவில்லை. போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் என் முகம். கண் பிதுங்கி, வாய் கோணி, நானே பயப்படும்படியான ஒரு முகம். கீழே எழுதியிருந்தது: பிள்ளை பிடிப்பவன், ஜாசின் பக்கம் நடமாட்டம், எல்லோருக்கும் அனுப்பவும்.

“மூனு குரூப்ல வந்திருச்சு தம்பி,” என்றார்.

தொழிற்சாலைக்குப் போனேன். கேன்டீனில் நான் உட்கார்ந்த மேஜையிலிருந்து இரண்டு பேர் தட்டோடு எழுந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை புவான் ரொஹானா, விஷயம் தெளிவாகும் வரை வீட்டில் இருங்கள், கோயம்புத்தூருக்கு நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றார். அந்த ‘இன்னும்’ என்னோடு வீடு வரை வந்தது.

“பிள்ளயோட வீட்டுக்காரங்க போலீஸ்ல ரிப்போர்ட் பண்றதுக்குள்ள நாம பண்ணிறணும்,” என்று லெட்சுமணன் அண்ணன் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த மலாய்க் காவலர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கார் எண் கேட்டார். தெரியாது. பார்த்த சாட்சி? இல்லை. பாஸ்போர்ட்டை நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது கைக்கு வரும்வரை அந்த நகல் மிஷினிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த மூன்று நாள் அறையை விட்டு நான் இறங்கவே இல்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் திரைச்சீலையின் ஓரமாக எட்டிப் பார்ப்பேன். கவிதா போன் செய்தால் மிஷின் பற்றிப் பேசினேன். சாப்பாட்டை அக்காள் மாடிப்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். அவருடைய பேத்தி அந்த வாரம் வருவதாக இருந்தாள், வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் கார் நின்றது. வெள்ளைக் கார். எட்டிப் பார்த்தேன். குழந்தையின் அம்மா இறங்கினாள், குழந்தையும். பின்சீட்டிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். திரைச்சீலையை இழுத்து மூடினேன். லெட்சுமணன் அண்ணன் மேலே வந்து, “வாங்க தம்பி, பயப்படாதீங்க,” என்றார். அவர் பின்னாலேயே ஒளிந்து இறங்கினேன்.

அவள் பெயர் யோகேஸ்வரி. பத்து பெரண்டாமில் ஒரு கம்பெனியில் கிளார்க். பெரியவர் அவளுடைய தாய்மாமன், பெருமாள். அவர்தான் முதலில் பேசினார், என் முகத்தைப் பார்க்காமல்.

“அந்தக் காடி என்னுது தம்பி. ரிவர்ஸ் எடுத்தப்ப கண்ணாடியில பாத்தேன். நீங்க ஓடி வந்து தூக்குனீங்க. பிரேக் அடிச்சேன். இறங்கலாம்னு பாக்குறேன், அதுக்குள்ள கூட்டம்...”

“பாத்தீங்களா? பாத்துட்டும் உள்ளேயே இருந்தீங்களா?” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“சீட்ட சாச்சுப் படுத்துக்கிட்டேன். எனக்குக் கண்ணு சரியில்ல. பிள்ளைங்க காடி ஓட்டாதன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. நம்ம பிள்ளயவே ஏத்தப் பாத்தேன்னு எப்படி சொல்லுவேன்? உங்கள அடிச்ச மாதிரி என்னையும்... பயம் தம்பி. அஞ்சு நாளா சோறு இறங்கல. இன்னிக்குக் காலையிலதான் இவகிட்ட சொன்னேன்.”

ஐந்து நாளும் என் காது குய்யென்று இரைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை அவர் அன்றே சொல்லியிருந்தால்? அவரை நான் மன்னித்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவர் வாய் உலர்ந்து போயிருந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

யோகேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். “மன்னிச்சிருங்கண்ணே. ஆனா பொய் சொல்ல மாட்டேன். திரும்ப அப்படி பாத்தா திரும்பவும் கத்துவேன்.”

“கத்தோணுங்க,” என்றேன். “நானா இருந்தாலும் கத்தியிருப்பேன்.”

“நீங்க என்னய கூப்பிட்டிருக்கலாம்ண்ணே. யார் பிள்ளன்னு அங்கேயே நின்னு சத்தம் போட்டிருக்கலாம். இங்க யாரும் அடுத்தவங்க பிள்ளய அப்படி தூக்க மாட்டாங்க.”

“எங்கூர்ல தூக்குவோமுங்க,” என்றேன். சொன்ன பிறகு அது ஒரு சாக்குப் போல எனக்கே கேட்டது.

குழந்தை முழங்காலில் பிளாஸ்திரியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. “தூக்குங்கண்ணே,” என்றாள் யோகேஸ்வரி. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “பரவால்லீங்க. இருக்கட்டுங்க,” என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

அன்றே என்னையும் மாமனையும் குழந்தையையும் உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லி அவள் ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். மாமனையும் பேச வைத்தாள். போலீஸ் நிலையத்துக்கும் போய் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை புவான் ரொஹானாவே போன் செய்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வெய் லூன் ஒரு கை நீளம் தள்ளி நின்று, தன் காபிக் குவளையை உயர்த்திக் காட்டினான்.

ஆனால் முதல் வீடியோ போன தூரம் இரண்டாவது போகவில்லை. மீதி மூன்று வாரமும் ரொட்டிக் கடையில் யாராவது போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தால், பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். குழந்தைகள் வரும் பாதையில் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். மிஷின்கள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. கிளம்பும் நாளில் லெட்சுமணன் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அசையாமல் நின்றேன்.

கோயம்புத்தூர் வந்த மறுவாரம் காந்திபுரத்தில் சிங்காநல்லூர் பஸ் ஏறினேன். நடைவழி ஓரச் சீட் கிடைத்தது. ஹோப்ஸ் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. தோளில் பையும் இடுப்பில் பெண் குழந்தையுமாக ஒருத்தி நெருக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். “இவள கொஞ்சம் வச்சுக்கங்ண்ணா,” என்றாள். கேட்டதுமில்லை, என் பதிலுக்கு நின்றதுமில்லை. குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

என் இரண்டு கைகளும் குழந்தையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன். யார் கையில் போன் இருக்கிறது? யார் என்னைப் பார்க்கிறார்கள்? ஜன்னலோர ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“புடிச்சுக்கங்ண்ணா, உளுந்துருவா,” என்றாள் அம்மாக்காரி, பையில் சில்லறை துழாவிக்கொண்டே.

டிரைவர் பிரேக் போட்டார். குழந்தை முன்னால் சாய்ந்தது. கைகள் போய்ப் பிடித்துக்கொண்டன. அது என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. சிங்காநல்லூர் வரும்வரை நான் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.